சும்மா நடப்பது

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. நான்கைந்து பேர் பாராட்டினார்கள். நானும் மறந்துவிட்டேன். பயண இலக்கியத் தாளுக்காக அதைத் தேடிப் படித்த முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டாள்: “மேடம், ராத்திரி பத்து மணிக்கு வாட்டர்லூ பாலத்துல நின்னு ஆத்தப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி ரூமுக்குப் போனீங்க? அது கட்டுரையில இல்லையே?”

அவள் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அவளுடைய ஊருக்கு மாலையில் இரண்டே பேருந்துகள். இரண்டாவதைத் தவறவிட்டால் அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எந்தப் பயணக் கதையைப் படித்தாலும் அவள் முதலில் தேடுவது திரும்பிப்போன வழியைத்தான். என் கட்டுரையில் அது இல்லை. எடுத்துப் படித்துப் பார்த்தேன். பாலம் இருக்கிறது. கிழக்கே செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் இருக்கிறது. மேற்கே நாடாளுமன்றத்தின் விளக்குகள் இருக்கின்றன. ஆறு அந்த இடத்தில் வளைவதால் இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிகிறது என்ற தகவலும் இருக்கிறது. பார்த்தவளுக்குக் கால்கள் இருந்தனவா, கையில் பை இருந்ததா, மணி பார்த்தாளா என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

இந்தக் கட்டுரை அந்த மாணவியின் கேள்விக்கு நான் தர முயலும் பதில். லண்டனைப் பற்றி வெளியூர்க்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் எழுதிய சில பிரதிகளை, திரும்பிப்போன வழியைத் தேடி வாசித்துப் பார்க்கிறேன். என்னுடையதையும் சேர்த்துத்தான்.

*

தமிழில் பயண எழுத்துக்கு ஒரு வாக்கிய அமைப்பு பழகிப்போயிருக்கிறது. “இடப்பக்கம் திரும்பினால் ட்ரஃபால்கர் சதுக்கம் வரும்.” “பத்து நிமிடம் நடந்தால் அருங்காட்சியகத்தை அடையலாம்.” யார் திரும்பினால், யார் நடந்தால் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. சொல்லாததால் எல்லோருக்கும் பொருந்துவதுபோல் இருக்கிறது. சற்று ஊன்றிப் பார்த்தால், எழுவாய் இல்லாத அந்த இடத்தில் ஓர் ஆண் நின்றுகொண்டிருப்பது தெரியும். அவனுக்கு எந்த நேரமும் ஒரே நேரம், எந்தத் தெருவும் ஒரே தெரு. அவனுடைய மனைவி கட்டுரையில் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் பொருள் வாங்குபவளாக, நகைச்சுவைக்கு வருவாள்.

ஏ.கே. செட்டியார் தமிழ்ப் பயண எழுத்தின் முன்னோடி. அவருடைய உழைப்பின்மீதும் எளிமையின்மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற தொடரை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்த ‘அன்’ விகுதி என்னை உறுத்தும். அதைப் பெண்பாலாக்கிப் பாருங்கள். ‘உலகம் சுற்றுகிறவள்’. ‘ஊர்சுற்றி’. காதில் விழும் பொருளே மாறிவிடுகிறது. ஆணை ‘ஊர்சுற்றி’ என்றால் அதில் செல்லம் இருக்கிறது. பெண்ணைச் சொன்னால் அது வசை. ராகுல் சாங்கிருத்யாயனின் நூல் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்ற தலைப்பில் தமிழில் வந்து பரவலாக வாசிக்கப்பட்டது. பெண்களும் ஊர்சுற்றிகளாகலாம் என்று அதில் அவர் எழுதினார். புத்தகம் பல பதிப்புகள் கண்டும் அந்தச் சொல்லின் பொருள் நம் தெருக்களில் மாறவில்லை.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. ‘சும்மா’. சைவ மரபில் சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சநிலை. அன்றாடப் பேச்சில் வீட்டு வேலை முழுவதையும் செய்யும் பெண்ணைப் பற்றி “அவ சும்மாதான் வீட்ல இருக்கா” என்கிறோம். அதே பெண் வெளியே கிளம்பும்போது “எங்க போற?” என்ற கேள்விக்கு “சும்மா” என்று பதில் சொல்ல முடியாது. வீட்டுக்குள் அவள் செய்வதெல்லாம் சும்மா. வீட்டுக்கு வெளியே அவளுக்குச் சும்மா இருக்கும் உரிமை கிடையாது. மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட ஆங்கில நூல் இதைத்தான் விரிவாகப் பேசியது. பொது இடத்தில் பெண் எப்போதும் ஒரு வேலையாக வந்தவள்போலக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கையில் ஒரு பை, காதில் ஒரு தொலைபேசி, நடையில் ஒரு வேகம். நோக்கமில்லாமல் நிற்பதே அவளுக்கு மறுக்கப்பட்ட உரிமை என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த நூலைப் படித்தவள், பாடமாகவும் நடத்தியவள் நான். என் சொந்தக் கட்டுரையில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

*

நோக்கமில்லாமல் நகரத்தில் நடப்பதை ஒரு கலையாக்கியவர்கள் பாரிஸ்காரர்கள். நவீன வாழ்வின் ஓவியனைப் பற்றி 1863இல் பொதலேர் எழுதிய கட்டுரையில் வருகிற உலாவி கூட்டத்தில் கரைந்துபோகிறவன். எல்லாவற்றையும் பார்ப்பான், அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். பின்னாளில் வால்டர் பெஞ்சமின் அவனை நவீனத்துவத்தின் மைய உருவமாக்கினார். 1985இல் சமூகவியலாளர் ஜேனட் வுல்ஃப் ஒரு கட்டுரையில் கேட்டார்: இந்த உலாவிக்குப் பெண்பால் எங்கே? பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரத்தில் பெண் பார்க்கப்படுகிறவளாக இருந்தாள். பார்த்தபடி நடக்க அவளுக்கு இடமில்லை என்பது அவருடைய முடிவு.

பின்வந்த ஆய்வாளர்கள் இதை மறுத்திருக்கிறார்கள். பெண்கள் நடக்கத்தான் செய்தார்கள். வேலைக்காரிகள், தையற்காரிகள், பூ விற்றவர்கள், கடை உதவியாளர்கள் எல்லோரும் தெருவில்தான் இருந்தார்கள். அப்படி நடந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு லண்டன் வழக்கு சாட்சி. 1887ஆம் ஆண்டு, விக்டோரியா அரசியின் பொன்விழாக் காலம். லண்டனுக்கு வந்து அதிக நாளாகாத எலிசபெத் காஸ் என்ற தையற்காரப் பெண் ரீஜன்ட் தெருவில் மாலையில் தனியாக நடந்துபோனாள். ஆண்களை அழைக்கிறாள் என்று சொல்லி ஒரு காவலர் அவளைக் கைதுசெய்தார். நீதிபதி விடுவித்தார். விடுவிக்கும்போது, இரவில் ரீஜன்ட் தெருவில் நடக்காதே என்ற எச்சரிக்கையையும் சேர்த்துத் தந்தார். விஷயம் நாடாளுமன்றம்வரை போனது. காவலர்மீது பொய்ச்சாட்சி வழக்கு நடந்து அவரும் விடுதலையானார்.

அந்தத் தெரு இன்று சுற்றுலாப் பயணிகளின் தெரு. நானும் நடந்திருக்கிறேன். என் கட்டுரையில் அதற்கு ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன்: “அங்கிருந்து ரீஜன்ட் தெரு வழியாக நடந்தால் பிக்கடிலி சர்க்கஸ் வந்துவிடும்.”

*

வெளியூர்ப் பெண்கள் அந்த நகரத்தைப் பற்றி எழுதியதில் இரண்டு பிரதிகளை அருகருகே வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, பிரெஞ்சுப் பெண் ஃப்ளோரா ட்ரிஸ்டன் 1840இல் வெளியிட்ட லண்டன் உலாக்கள். பலமுறை லண்டன் போனவர். 1839இல் போனபோது பார்க்க வேண்டிய இடங்கள் என்று அவர் போட்டுக்கொண்ட பட்டியலே வேறு: சிறைகள், எரிவாயு ஆலை, மனநலக் காப்பகம், ஐரிஷ் ஏழைகள் வாழ்ந்த குடிசைப் பகுதி. நாடாளுமன்றத்தின் மக்களவைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. ட்ரிஸ்டன் துருக்கிய ஆணின் உடையை இரவல் வாங்கி அணிந்து உள்ளே போனார். பாலியல் தொழில் நடந்த வாட்டர்லூ சாலைக்கு மாலையில் போனபோது கைத்தடி ஏந்திய இரண்டு ஆண் நண்பர்களை உடன் அழைத்துச் சென்றார். இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதைப் பார்த்தார் என்பதோடு, பார்ப்பதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதையும் எழுதுகிறார். அந்த உடையும் அந்தக் கைத்தடிகளும் அவருடைய லண்டனின் பகுதிகள். அவற்றை நீக்கிவிட்டால் மிச்சமிருப்பது ஓர் ஆணின் நூல்.

இரண்டாவது, வங்காளப் பெண் கிருஷ்ணபாபினி தாஸ் 1885இல் எழுதிய ‘இங்கிலாந்தில் வங்க மகளிர்’. கணவரோடு 1882இல் லண்டன் போனவர். மகளைப் புகுந்த வீட்டாரிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் திரும்புவதற்குள் அந்தச் சிறுமிக்குத் திருமணமே முடித்துவிட்டார்கள். கிருஷ்ணபாபினி லண்டன் தெருக்களில் ஆங்கிலேயப் பெண்கள் நடமாடும் விதத்தை வியந்து எழுதுகிறார். அந்த வியப்பு முழுவதும் ஊரிலிருக்கும் பெண்களை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. வாசிக்கும்போது சில இடங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு எழுகிறது. ஆங்கிலேயப் பெண்ணின் சுதந்திரத்தை அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறார். அந்த நூல் வந்த இரண்டே ஆண்டுகளில்தான் எலிசபெத் காஸ் கைதாகிறாள். ஆனால் ஒன்று உண்டு. அவர் ஒருமுறை தெருவில் நடப்பதற்குக் கொடுத்த விலை ஒரு மகள். அந்த விலையைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது, வியப்பை வெறும் வெள்ளைக்கார மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

*

லண்டனில் நடப்பதைப் பற்றி ஒரு பெண் எழுதியவற்றில் அதிகம் போற்றப்படுவது வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் எழுதிய ‘தெரு உலா’ கட்டுரை. குளிர்கால மாலை. தேநீருக்கும் இரவு உணவுக்கும் நடுவிலுள்ள நேரம். ஒரு பென்சில் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கதைசொல்லி வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். நகரத்தின் பாதியைக் கடந்து, வழியில் கண்ட முகங்களுக்குள் எல்லாம் புகுந்து வெளிவந்து, கடைசியில் பென்சிலோடு வீடு திரும்புகிறாள். பென்சில் ஒரு சாக்குத்தான் என்பதை அவளே முதலில் ஒப்புக்கொள்கிறாள்.

பெண்ணிய வாசிப்புகளில் இந்தக் கட்டுரை கொண்டாடப்படுகிறது. தன் அடையாளத்தைக் கதவுக்குள் விட்டுவிட்டு, பெயரற்ற கூட்டத்தில் ஒருத்தியாகும் விடுதலையை அது பேசுகிறது என்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். இப்போது இரண்டு விஷயங்கள் தட்டுகின்றன.

ஒன்று, எழுவாய். கட்டுரை முழுவதும் நடப்பது ‘நாம்’. அந்த ‘நாம்’ ஆணா பெண்ணா என்று உடல் காட்டும் இடம் ஏறக்குறைய இல்லை. யாரும் பின்தொடர்வதில்லை, யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. வுல்ஃபுக்கு இது தெரியாதா? இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1925இல், ‘மிஸஸ் டாலவே’ நாவலில் அதற்கென்றே ஒரு காட்சி எழுதியவர் அவர். இந்தியாவிலிருந்து ஐந்தாண்டுகள் கழித்துத் திரும்பிய பீட்டர் வால்ஷ் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் ஓர் இளம்பெண்ணைப் பார்க்கிறான். சட்டைப்பையிலுள்ள பேனாக்கத்தியை விரல்களால் தடவியபடி தெருத்தெருவாக அவள் பின்னாலேயே போகிறான். தன்னை ஒரு சாகசக்காரனாகக் கற்பித்துக்கொள்கிறான். அவள் ஒரு வீட்டின் முன் நின்று, சாவியைத் திருகி உள்ளே போனதும் அவனுடைய விளையாட்டு முடிகிறது. அந்த நடையை அவனுடைய மனத்துக்குள்ளிருந்து மட்டுமே நாம் படிக்கிறோம். பின்னால் வரும் காலடியைக் கேட்டாளா, சாவியை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருந்தாளா என்பது எழுதப்படவில்லை. நாவலில் பின்தொடர்பவனை எழுதிய வுல்ஃப், கட்டுரையில் தெருவையே அவனில்லாமல் துடைத்துச் சுத்தமாக்கி வைக்கிறார்.

இரண்டாவது, பென்சில். எந்த ஆண் உலாவியும் நடக்கக் காரணம் சொல்வதில்லை. வுல்ஃபின் பெண்கள் எல்லோரும் ஒரு காரணத்தோடு கிளம்புகிறார்கள். கிளாரிஸா டாலவே பூ வாங்கக் கிளம்புகிறாள். கட்டுரையின் கதைசொல்லி பென்சில் வாங்கக் கிளம்புகிறாள். காரணமில்லாமல் போவது கிளாரிஸாவின் மகள் எலிசபெத் மட்டும்தான். பேருந்தின் மேல்தட்டில் ஏறி ஸ்ட்ராண்டுவரை தனியாகப் போய்வருகிறாள். அவளுக்கு வயது பதினேழு. விருந்துக்கு நேரமாகிவிடும் என்று அவளும் திரும்பிவிடுகிறாள். பென்சிலை வுல்ஃபின் குறும்பு என்று நான் மாணவிகளுக்குச் சொல்லிவந்தேன். என் மாணவிகள் யாரும் அதற்குச் சிரித்ததில்லை. நோட்டு வாங்கணும், ஜெராக்ஸ் எடுக்கணும், தோழிக்கு உடம்பு சரியில்லை என்று தினமும் பென்சில் தேடுகிறவர்கள் அவர்கள். வுல்ஃபுக்கு அந்தச் சாக்கு யாரிடமும் சொல்ல வேண்டியதாக இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் போதும். வீட்டில் கணப்பு எரிந்தது. இரவு உணவைச் சமைக்க வேறொரு பெண் இருந்தாள். அந்தப் பெண் அந்த மாலையில் பென்சில் வாங்கப் போயிருக்க முடியாது.

*

சாம் செல்வனின் ‘தனித்த லண்டன்வாசிகள்’ 1956இல் வந்தது. செல்வன் ட்ரினிடாடில் பிறந்தவர். தந்தைவழி வேர் மதராஸ் தமிழருடையது. பெயரிலேயே அது தெரிகிறது. கரீபியத் தீவுகளிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்த கறுப்பின ஆண்களின் கதை. குளிர், வாடகை அறை, நிறவெறி எல்லாவற்றுக்கும் நடுவே அவர்கள் இந்த நகரத்தை நடந்தே தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள். கலஹாட் என்பவனுக்குப் பிக்கடிலி சர்க்கஸ் என்ற பெயரே போதை. கோடைக்காலத்தைச் சொல்லும் ஒரு பகுதி நிறுத்தற்குறியே இல்லாமல் பக்கம்பக்கமாக ஓடும். அழகான எழுத்து. ஆனால் அந்தக் கோடையின் பூங்காக்களில் பெண்கள் பிடிக்கப்பட வேண்டிய உருப்படிகள். வெள்ளைக்கார நகரத்தால் துரத்தப்படும் ஆண்கள், தங்களுக்குக் கிடைத்த சிறு வெளியில் பெண்களைத் துரத்துகிறார்கள். அடக்கப்பட்டவர்களின் எழுத்து என்பதற்காக இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோக வேண்டியதில்லை.

என் அபிமானப் பாத்திரம் அந்த ஆண்களில் எவரும் இல்லை, டாண்டிதான். ஜமைக்காவிலிருந்து குடும்பத்தோடு வந்திறங்கிய முதிய பெண். தன் குடியிருப்பைச் சுற்றியுள்ள கடைத்தெருவையே தன் ஊராக்கிக்கொள்கிறாள். மளிகைக் கடைக்காரரிடம் வாதாடிக் கடன் நோட்டு தொடங்க வைக்கிறாள். அவள் அந்தத் தெருவைத் தாண்டிப் போனதே இல்லை. ஒருநாள் அலமாரிச் சாவி ஒன்றுக்காக, வேலைக்குப் போன இன்னொரு பெண்ணைத் தேடி, முதன்முறையாகப் பாதாள ரயில் ஏறி நகரத்துக்குள் போகிறாள். பயமும் பெருமையுமாக அந்தப் பயணம் நடக்கிறது. நாவல் அதைச் சிரிப்பாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

வுல்ஃபின் பென்சிலையும் டாண்டியின் சாவியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பென்சில் வீட்டைவிட்டு வெளியேற ஒரு சாக்கு. சாவி இல்லாவிட்டால் வீட்டு வேலை நிற்கும். ஒருத்தி சும்மா நடக்கக் காரணத்தைப் புனைந்துகொண்டாள். இன்னொருத்திக்குச் சும்மா நடப்பது என்ற எண்ணமே எழ வழியில்லை. லண்டனில் நடந்த பெண்களைப் பற்றிப் பேசும் விமர்சனம் முதலாமவளோடு நின்றுவிடுகிறது. நான் கிழக்கு லண்டனில் தங்கியிருந்தபோது இரண்டாமவளின் வீட்டில்தான் இருந்தேன்.

*

ஈஸ்ட் ஹாமில் ஓர் ஈழத்துக் குடும்பத்தின் மாடியறையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்தேன். அங்கிருந்து பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரே ரயிலில் கிங்ஸ் கிராஸ் போய் இறங்கிவிடலாம். பழைய தமிழ் அச்சுநூல்களைப் பார்ப்பது என் வேலை. வீட்டுக்கார அக்கா மத்திய லண்டனில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர். ரயில்கள் ஓடத் தொடங்குமுன்னரே, விடிகாலை நான்கு மணிக்கு முன், இரவுப் பேருந்தில் கிளம்பிவிடுவார். அந்த நேரத்துப் பேருந்துகளில் அவரைப்போன்ற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று சொன்னார். நான் பாலத்தில் நின்றுவிட்டு வந்த மறுநாள் கேட்டார்:

“என்னத்துக்கு ராவில அங்க நிண்டனீங்கள்?”

“சும்மாதான் அக்கா.”

“சும்மாவோ?” என்று சிரித்தார். “நான் வந்து இருபத்தொரு வருஷம். அந்தப் பாலத்தால எத்தினை தரம் போயிருப்பன். எல்லாம் பஸ்ஸுக்குள்ள, அதுவும் நித்திரையில.”

வாட்டர்லூ பாலத்துக்கு ஒரு கதை உண்டு. இப்போதுள்ள பாலத்தின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்டது. ஆண்கள் போருக்குப் போனதால் கட்டுமான வேலையில் பெரும் எண்ணிக்கையில் பெண்கள் சேர்ந்தார்கள். 1945 டிசம்பரில் திறப்பு விழா. துணைப் பிரதமர் ஹெர்பர்ட் மாரிசன் பேசும்போது பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பாராட்டினார். பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேம்ஸ் படகோட்டிகள் மட்டும் அதைப் ‘பெண்கள் பாலம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். மிகப் பின்னால்தான் ஆய்வாளர்கள் அந்தப் பெண்களைத் தேடத் தொடங்கினார்கள்.

இந்த நகரத்தை ஓட்டிச் சென்றவர்களின் கதையும் இதேதான். முதல் உலகப் போர்க்காலத்தில் லண்டன் பேருந்துகளிலும் ட்ராம்களிலும் பெண்கள் நடத்துநர்களாக வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 1918 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தந்த போர்க்கால ஊதிய உயர்வு தங்களுக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். போர் முடிந்ததும் வேலை போயிற்று. பாதாள ரயில் 1863இல் ஓடத் தொடங்கியது. அதை ஒரு பெண் ஓட்டியது 1978இல்தான். ஹன்னா டாட்ஸ் என்பது அவர் பெயர். ஹாரி பெக் 1933இல் தந்த புகழ்பெற்ற பாதாள ரயில் வரைபடம் கோணல்மாணலான நகரத்தை நேர்கோடுகளாக்கிக் காட்டியது. நானும் அதை மெச்சி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதில் நிலையங்கள் இருக்கின்றன, தடங்கள் இருக்கின்றன, எந்த நிலையத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம் இருட்டில் நடக்க வேண்டும் என்பது இல்லை. எந்த வரைபடத்திலும் இருக்காது. அந்த வரைபடத்தை ஒவ்வொரு பெண்ணும் தானே போட்டுக்கொள்கிறாள்.

2021 மார்ச்சில் தெற்கு லண்டனில் தோழியின் வீட்டிலிருந்து இரவு ஒன்பது மணியளவில் நடந்து திரும்பிய 33 வயதுப் பெண் கடத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் லண்டன் காவல்துறையில் பணியிலிருந்த ஒருவர். பொய்யாகக் கைதுசெய்வதுபோலக் காட்டிக் காரில் ஏற்றியிருக்கிறார். அவருக்கு அஞ்சலி செலுத்தக் கிளாப்ஹாம் பூங்காவில் கூடிய பெண்களைக் காவல்துறை பலவந்தமாகக் கலைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், தனியாக வந்து தடுக்கும் காவலர்மீது சந்தேகம் வந்தால் பெண்கள் என்ன செய்யலாம் என்று காவல்துறை ஆலோசனை சொன்னது. அவற்றுள் ஒன்று, போகிற பேருந்தைக் கைகாட்டி நிறுத்துவது. 1887க்கும் 2021க்கும் நடுவே எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. இரவை மீட்போம் என்று 1977இல் லீட்ஸிலும் பிற ஆங்கிலேய நகரங்களிலும் பெண்கள் தீப்பந்தங்களோடு நடந்தது வீணாகவும் இல்லை. என் ஊரின் பேருந்து நிலையத்தில் ஒன்பது மணிக்கு நிற்பதைவிட லண்டன் நிலையங்களில் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஆனால் பெண் வீடு திரும்பும் வழியை அவளுடைய பொறுப்பாகவே நகரம் விட்டுவைத்திருக்கிறது.

*

மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இது.

அன்றிரவு தென்கரையில் கவிதை வாசிப்பு ஒன்று முடிந்து கிளம்பினேன். பாலத்தில் நின்றது நான்கு நிமிடம். கட்டுரையில் அது ஒரு பக்கம். வடகரையில் இறங்கி டெம்பிள் நிலையத்துக்கு வேகமாக நடந்தேன். ஆளில்லாத பெட்டியில் ஏறியவள் அடுத்த நிலையத்தில் இறங்கி, பெண்கள் இருந்த பெட்டிக்கு மாறினேன். ஈஸ்ட் ஹாமில் இறங்கிப் பன்னிரண்டு நிமிடம். கடைத்தெரு முடியும்வரை ஒன்றுமில்லை. அதன்பின் பக்கத்துத் தெருவில் பேசுவதற்கு யாரும் இல்லாத தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, சாவியை விரல்களுக்கு இடையில் பிடித்தபடி நடந்தேன். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் எழுதாமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எழுதினால் என் பயணம் சிறுத்துப்போகும் என்று வெட்கப்பட்டேன். உலகம் சுற்றும் தமிழனைப்போல எழுத ஆசைப்பட்டேன்.

ஆகவே பயண எழுத்தைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. எழுதியவர் எப்படித் திரும்பினார்? கிளம்பும்போது யாரிடம் என்ன காரணம் சொன்னார்? கட்டணம் யார் கொடுத்தது? அந்நேரம் அவர் வீட்டில் யார் சமைத்தார்கள்? ட்ரிஸ்டனின் கைத்தடிகள்போல, இந்தத் தகவல்கள் எழுத்தைக் குறைக்காது. ஒரு நகரம் யாருக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இவைதான் காட்டிக்கொடுக்கும். எழுதும் மாணவிகளுக்கும் இதையே சொல்கிறேன். மணி பார்த்ததை எழுதுங்கள்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பாலத்துக்கு அழைத்துப்போனேன். பகல் வெளிச்சத்தில் அந்தப் பாலத்தில் இறங்கி நடப்பது அவருக்கு அதுதான் முதல்முறை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே ஆற்றைப் பார்த்தார். பெண்கள் கட்டியது என்று சொன்னேன். “எனக்குத் தெரியாதே” என்று கம்பியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அப்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

“கடைக்கு வந்தனான். இந்தா, வெளிக்கிட்டிட்டன்” என்றார்.

நான் அவரைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தேன். முந்தைய வாரம் அதே இடத்தில் இரவு பத்து மணிக்கு நின்றபோது, ஊரில் விடிகாலை எழுந்ததும் பார்க்கட்டும் என்று நானும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். லைப்ரரியிலிருந்து நேராக ரூமுக்கு வந்துவிட்டேன் என்று.